சவுரியப்பனும் மூன்று துளைக் கட்டையும்

அதியமான்கோட்டையில் பெங்களூர் ரோட்டு ஓரமாக ஒரு கப்பல் நிற்கிறது என்று சொன்னால், காலையிலேயே போட்டுவிட்டு உளறுகிறான் என்பீர்கள். நான் குடிப்பதில்லை. அந்தக் கப்பலின் பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தியதே என்னுடைய ஹைட்ரா கிரேன்தான். இந்தப் பக்கம் எந்தத் திசையில் போனாலும் நூறு மைலுக்குக் கடல் கிடையாது. காரிமங்கலத்துக்காரர் தமிழ்ச்செல்வன் தூத்துக்குடிப் பக்கம் போய், ஓட்டம் நின்றுபோன ஒரு பழைய பாய்மரத் தோணியை வாங்கி, இரண்டு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே மேசை நாற்காலி போட்டு ஓட்டல் நடத்தப் போகிறாராம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் போகும், அன்றைக்கே திறந்துவிட வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார். காசு இருக்கிறவன் கப்பலும் வாங்குவான், கோட்டையும் வாங்குவான், நமக்கென்ன? வாடகை வந்தால் சரி என்று நானும் கிரேனை நிறுத்தினேன்.

அங்கே பகல் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சவுரியப்பன்.

கம்பைநல்லூர்ப் பக்கம் வேதக்காரர் தெருவில் பிறந்தவர். இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, மனைவி புஷ்பமேரி, கட்டிக்கொடுத்த ஒரு மகள். இதெல்லாம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. சவுரியப்பனிடம் இருந்தது வேறு. இருபத்தைந்து வருடம் அவர் கம்பைநல்லூர்ப் புளி மண்டியில் லாரிக்குப் பாரம் கட்டினார். மூட்டையை அடுக்குகிறவர்கள் அடுக்கி முடித்து இறங்கியதும், தார்ப்பாய் போர்த்தி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு இறுக்குகிற வேலை. கயிற்றிலேயே ஒரு வளையம் போட்டு, அதற்குள் நுனியை விட்டுக் கீழே இழுப்பார். ஆள் என்னவோ ஒல்லிப்பிச்சான்தான். இழுத்த இழுப்பில் இருபது டன் புளி மூட்டையும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிடும். சவுரி கட்டிய வண்டி என்றால் டிரைவர்கள் கண்ணாடியைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கட்டிய ஒரு புளி லாரி தொப்பூர் கணவாயில், வளைவில், பாரம் சரிந்து கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. டிரைவருக்குக் கால் உடைந்தது. அந்த டிரைவர் நான்தான்.

கயிறு தளர்ந்துவிட்டது, சவுரிக்கு வயசாகிவிட்டது, கையில் வலு போய்விட்டது என்று மண்டியில் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கேட்டார்கள். ஆமாங்க, கயிறு தளர்ந்துடுச்சுங்க என்றேன். அதோடு அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த மண்டி மட்டுமல்ல, எந்த மண்டியும். அவர் என்னிடம் வந்து நாலு வார்த்தை கெட்டதாகக் கேட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை. மனுஷன் பார்க்கிறவரிடமெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "மண்டியில மறுபடியும் ஒரு வண்டிக்குக் கயிறு போடாம நான் கண்ண மூட மாட்டேன்." எட்டு வருடமாக இதே பாட்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள்.

தோணியோடு நாலு சாக்கில் சாமான் வந்திருந்தது. அதைப் பிரித்துக் கொட்டியபோது எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். கிணற்றுக் கப்பி மாதிரி சகடைகள் இருந்தன, அது தெரிந்தது. நங்கூரம், அதுவும் தெரிந்தது. மீதியில் ஒன்றும் விளங்கவில்லை. அதிலும் ஒரு சாமான் பன்னிரண்டு கிடந்தது. இரண்டு கை சேர்த்து விரித்த அகலத்தில், தடித்த வட்டமான கட்டை. வயிறு உப்பி, விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம். நடுவில் மூன்று துளைகள்.

"இடியாப்பம் புழியறதுங்க" என்றான் ஒரு பெயிண்டர்.

"இவ்ளோ பெரிய ஓட்டையிலயா? உங்கூட்டு இடியாப்பம் மலப்பாம்பு மாதிரி இருக்குமாட்ட" என்றேன்.

தோணியை விற்ற புரோக்கருக்குப் போன் போட்டால், சாமான் எல்லாம் சாக்கில் இருக்குதுங்க என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள் அலங்காரம் செய்ய வந்திருந்த அனிஷா மேடம் படம் எடுத்துப் போனில் தேடினார். சட்டைப் பொத்தான் என்று வந்தது. அடுத்ததாகச் சுவர் அலங்காரம் என்று வந்தது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மேலே இரண்டு துளை கண், கீழே ஒரு துளை வாய். பன்னிரண்டுக்கும் சாயம் அடித்துச் சாப்பாட்டு ஹாலில் முகமூடி மாதிரி மாட்டிவிடலாம் என்றார். தமிழ்ச்செல்வனும் தலையை ஆட்டிவிட்டார்.

"ஆணி அடிக்காதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சவுரியப்பன். "இது கயித்து வேலைக்குண்டான சாமானுங்க. என்ன வேலைன்னு தெரியல. தெரிஞ்சுக்கற வரைக்கும் ஆணி அடிக்காதீங்க."

தமிழ்ச்செல்வன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"ஓட்டையோட ஒரு ஓரம் வழுவழுன்னு தேஞ்சிருக்குது. இன்னொரு ஓரம் கூரா அப்படியே இருக்குது. கயிறு ஒரே பக்கமா மடங்கி இழுத்தாத்தான் இப்படித் தேயும்."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். மனுஷன் சொன்னது சரிதான். அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டுப் பையில் ஒரு கட்டை வந்து போனது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் காட்டுவார். காரிமங்கலம் சந்தையில் செக்கு ஓட்டுகிறவரிடம் காட்டினார். கொல்லுப்பட்டறையில் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம்கூட நீட்டியிருக்கிறார். அவர் ஆசீர்வாதத்துக்கு நீட்டுகிறார் என்று நினைத்து மந்திரித்துக் கொடுத்துவிட்டாராம்! புஷ்பமேரி அக்கா என்னைக் கடைத்தெருவில் பிடித்து, "ஏங்க மாதேஷு, அந்த மனுசன் ராத்திரி தலமாட்டுல கட்டைய வெச்சுட்டுத் தூங்குறாரு. வூட்டுல நான் ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியல" என்று புலம்பியது. நான் சிரித்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் நான் கிரேன் நிழலில் படுத்திருந்தேன். "மாதேஷு, எந்திரி" என்று வந்து நின்றார். எட்டு வருடத்தில் அவராக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டையும் தரையில் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார். "எல்லாம் ஒன்னுன்னு நெனச்சோம். இல்ல. ஆறுக்குப் பள்ளத்துல இரும்புப் பட்டை போட்டிருக்குது. ஆறுல பழைய கயித்து நாரு ஒட்டியிருக்குது. இரும்பு போட்டது எங்கியோ அசையாம பூட்டறது. கயிறு சுத்துனது மேலருந்து வர்ற கயித்துல தொங்கறது. சரியா?"

"சரி, இருக்கட்டுமே."

"நார் ஒட்டுனதுல மட்டும் ஒரு ஓட்டைக்கு உள்பக்கத்துல குழி விழுந்திருக்குது பாரு. முடிச்சு உக்காந்த தடம். அங்கதான் சின்னக் கயிறு ஆரம்பிக்குது. அங்கருந்து கீழ் கட்டைக்குப் போயி, மறுபடி மேல வந்து, கீழ போயி... மூனு ஓட்டையிலயும் ஏறி எறங்குது. எதுக்கு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. லாரிப் பாரத்தில் கயிற்றை வளையத்துக்குள் விட்டு இழுப்பதும் இதுதான். ஒரு வளையத்தில் இழுத்தாலே கையின் பலம் இரண்டு மூன்று மடங்காகும். இதில் கயிறு ஆறு தடவை ஏறி இறங்குகிறது. "இறுக்கறதுக்கு" என்றேன்.

"எதை?"

நான் அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்தேன். முப்பதடி மரம். நான்தான் தூக்கி நிறுத்தியிருந்தேன். அடியில் தகடு வைத்து எட்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அவ்வளவுதான். ஆடிக்காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த மத்தியானத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உச்சி ஒரு ஜாண் இந்தப் பக்கம் போய் ஒரு ஜாண் அந்தப் பக்கம் வந்தது. அதற்கு நேர் கீழேதான் குழந்தைகள் விளையாட ஊஞ்சலும் சறுக்கும் போட்டிருந்தார்கள்.

தோணியின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இரும்புப் பட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. என்னவென்று தெரியாமல் அனிஷா மேடம் அவற்றில் பூந்தொட்டி தொங்கவிட்டிருந்தார். சவுரியப்பன் ஒரு தொட்டியை இறக்கிவிட்டு, இரும்பு போட்ட கட்டையை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

தமிழ்ச்செல்வனிடம் போய்ச் சொன்னோம். மரம் ஆடுவதை அவரும் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். இரும்புக் கம்பி இழுத்துக் கட்டிவிடலாம் என்றார். கம்பி கட்டினால் செல்போன் டவர் மாதிரி இருக்கும் என்று மேடம் முகம் சுளித்தார்.

"நான் கட்டுறேங்க" என்றார் சவுரியப்பன். "கப்பலோட வந்த சாமானை வெச்சே கட்டுறேன்."

"நீயா?" என்றார் தமிழ்ச்செல்வன். "தொப்பூர்ல ஒரு வண்டி உன் கயித்தாலதான கவுந்துச்சு? ஊருக்கே தெரியும்."

சவுரியப்பன் கையிலிருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் கிரேனைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். காலில் போட்ட பிளேட் அன்றைக்கு ஏனோ வலித்தது.

"ரெண்டு நாள் குடுங்க மொதலாளி. நிக்கலைன்னா கம்பிய போட்டுக்குங்க, என்னையும் வூட்டுக்கு அனுப்பிடுங்க. நின்னா, மண்டியில ஒரு வார்த்தை சொல்லுங்க. சவுரி கட்டுனா நிக்குதுன்னு சொல்லுங்க. வேற ஒன்னும் வேண்டாம்."

தமிழ்ச்செல்வன் சம்மதித்தார்.

கயிறு வந்தது. ஏணி வைத்து உச்சியில் ஆறு கயிற்றைப் போட்டு, கீழ்நுனியில் நார்க் கட்டைகளைச் சுற்றிக் கட்டினார். எல்லாம் அவர் கைதான். ஒருவரையும் தொடவிடவில்லை. வலது பக்கம் மூன்று ஜோடியிலும் சின்னக் கயிற்றை ஏற்றி இறக்கி, காலை முட்டுக்கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், கயிறு விண்ணென்று நின்றது. தட்டிப் பார்த்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு இடது பக்கத்துக்குப் போனார். அதற்குள் கீழே டப்பென்று ஒரு சத்தம். ஒரு போல்ட் தெறித்துவிட்டது. மரம் வலது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

லாரிப் பாரம் கட்டுகிறவன் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு அது. லாரியில் ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டுத்தான் மறுபக்கம் போவார்கள். மூட்டை அமுங்கிக் கொடுக்கும்; மேலிருந்து கீழே அழுத்துகிற வேலை. மரம் அமுங்குமா? இழுத்த பக்கம் வரும். இருபத்தைந்து வருடப் பழக்கம் அவர் கையை அப்படிக் கொண்டுபோய்விட்டது. கீழே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போதும்யா" என்றார் தமிழ்ச்செல்வன். "நாளைக்குக் கம்பிக்காரனை வரச் சொல்றேன்."

"ரெண்டு நாள்னு சொன்னீங்க. இன்னும் ஒரு நாள் இருக்குதுங்க" என்றார் சவுரியப்பன். குரலில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் புது போல்ட் போட்டு, என் கிரேனால் மரத்தை நேர் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். கயிறு எல்லாம் மறுபடி ஏறியது. அவர் என்னைப் பார்த்தார். "மாதேஷு, அக்கட்டப் போய் நில்லு. நான் இக்கட்ட. சொல்லும்போது ஒட்டுக்கா இழுக்கணும். ஒரு கை அளவு. அதுக்கு மேல வேண்டாம்."

"நான் எதுக்குங்கண்ணா? வேற ஆளே இல்லையா?"

"கயித்து இழுப்பு தெரிஞ்சவன் இங்க நீ ஒருத்தன்தான்."

போனேன். கிரேனை என் கூட இருப்பவன் பார்த்துக்கொண்டான். "இழு" என்றார். இழுத்தோம். "நிறுத்து." அடுத்த ஜோடி. "இழு." "நிறுத்து." வெயில் உச்சிக்கு வந்தது. கையெல்லாம் கொப்புளம். என் காலை நினைத்தோ என்னவோ, நடுவில் ஒருமுறை, "முடியலைன்னா சொல்லு" என்றார். "முடியும், நீங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கிரேன் கொக்கியைக் கழற்றினோம். காற்று அடித்தது. ஆறு கயிறும் ஊம் என்று சத்தம் போட்டன. மரம் அசையவில்லை.

அனிஷா மேடம் கை தட்டினார். தமிழ்ச்செல்வன் சவுரியப்பன் தோளில் தட்டி, "பாஸாயிட்ட சவுரி! நாளைக்கு லீவு எடுத்துக்க" என்றார்.

"இல்லைங்க. நாளைக்குக் காலையில வந்து மறுபடி ஒருக்கா இழுக்கணும்."

"அதான் கல்லு மாதிரி நிக்குதே?"

"புதுக் கயிறு நீளுங்க. கட்டுன கையோட வுட்டுடக் கூடாது."

மறுநாள் காலையில் அவர் சொன்னபடியேதான் இருந்தது. நேற்று விண்ணென்று நின்ற கயிறு, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. தமிழ்ச்செல்வன் கயிற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "என்ன சவுரி இது? எங்கியும் போவல, வரல, நின்ன எடத்துல நிக்குது. அதுவே ஒரு ராத்திரியில தளந்துடுச்சே?"

"அதுக்குத்தாங்க இந்தக் கட்டையே. ஒரேயடியாக் கட்டி முடிக்கற வேலையா இருந்தா முடிச்சு போட்டுட்டுப் போயிருப்பானுங்க. தளரும்னு தெரிஞ்சுதான் இந்த ஓட்டைய வெச்சிருக்கான். தளரத் தளர இழுத்துக்கணும். எங்க வண்டியிலயும் அதே கணக்குதான். கட்டி அனுப்பும்போது சொல்லி அனுப்புவோம். மூட்டை அமுங்கும், கயிறு தளரும், மொதல் டீக்கடையில எறங்கி ஒருக்கா இழுத்துப் பாருன்னு."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து முதல் ஜோடியில் கை வைத்தார். திரும்பியிருந்தால் நான் ஏதாவது எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

ரோட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. கம்பைநல்லூரிலிருந்து வருகிற வண்டிகள் தொப்பூரில் இறங்குவதற்கு முன்னால் நிறுத்திக் கயிறு பார்க்கிற கடை அதுதான். நானே நூறு தடவை நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் நிறுத்தவில்லை. மண்டியில் ஏற்ற மூன்று மணி நேரம் தாமதம். எனக்குத் தலைக்கு மேல் கோபம். மழை தூறிக்கொண்டிருந்தது. எவன் இறங்கி நனைவது என்று அதே கடையைத் தாண்டி மிதித்துக்கொண்டு போனேன். பதினைந்து நிமிடத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தது.

"அன்னிக்கு நான் நிறுத்தலைங்க" என்றேன்.

தமிழ்ச்செல்வனுக்குப் புரியவில்லை. "என்ன நிறுத்தல?"

"வண்டிய. அந்தா, அந்த டீக்கடையில. இவரு சொல்லித்தான் அனுப்புனாரு, கயித்தப் பாருடான்னு. நான் நிறுத்தல. இவரு கட்டுனதுல தப்பில்ல. தப்பு என்னுது. பொய் சொன்னேன்."

கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. சவுரியப்பன் கயிற்றை விடவில்லை.

"எட்டு வருசமாத் தெரியும்" என்றார். "நீ நிறுத்தியிருந்தா வண்டி கவுந்திருக்காது. என் கயிறு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏங்கண்ணா கேக்கல?"

"நான் கேட்டு நீ சொன்னா, மெரட்டிச் சொல்ல வெச்சான்னு சொல்லுவானுங்க. நீயாச் சொல்லணும்." கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்தார். "இங்க சொல்லி என்ன புண்ணியம்? இவங்களா எனக்கு வண்டி குடுக்கப் போறாங்க? மண்டியில வந்து சொல்லு."

"சொல்றேன்."

"இன்னிக்கே."

"இன்னிக்கே சொல்றேங்கண்ணா."

"சரி. நாயம் பேசுனது போதும். அக்கட்டப் போ. ஒட்டுக்கா இழு."

ஆறு ஜோடியையும் இழுத்து முடித்துவிட்டு என் பைக்கிலேயே அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கம்பைநல்லூருக்குப் போனேன். மண்டியில் புளி மூட்டைக்கு நடுவில் நின்று, டிரைவர், லோடுமேன், தராசுக்காரர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். என் மேல்தான். வாங்கிக்கொண்டேன். மண்டிக்காரர் வெளியே ஏற்றி முடித்து நின்ற ஒரு லாரியைக் காட்டி, "சவுரி, கயிறு அங்க கெடக்குது" என்றார். சவுரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றை எடுத்து முதல் வளையத்தைப் போட்டார்.

இப்போது வாரத்தில் நாலு நாள் அவர் மண்டியில். மீதி நாளில் கப்பலுக்கு வந்து ஆறு ஜோடியையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். ஓட்டல் ஓடுகிறது, சறுக்கில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. என் ஹைட்ராவுக்கு இந்தப் பக்கம் வேலை இருக்கிற நாளில் எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். கம்பைநல்லூர் லாரி வந்து நின்றால், டிரைவர் டீ சொல்லிவிட்டு உட்காருவதற்குள் எழுந்து போய்ச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்க்கிறேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நிறுத்தாமல் போகிற வண்டி இருந்தால், ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கையைக் காட்டுகிறேன். கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். திட்டட்டும். நிறுத்தி, இறங்கி, கயிற்றைப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.